புள்ளிக்குப் பின்னால் என்ன நடக்குது?

பைத்தன் வகுப்புகளில் ஒரு கட்டம் கட்டாயம் வரும். "மெதடுக்கு மேலே அட் குறி போட்டு புரொப்பர்ட்டி எண்டு எழுதுங்கோ. பிறகு அடைப்புக்குறி இல்லாமலே கூப்பிடலாம்" எண்டு சொல்லிக்கொடுப்பினம். கொப்பியில் எழுதுவம். அடுத்த பாடத்துக்குப் போய்விடுவம். ஏன் அடைப்புக்குறி தேவையில்லாமல் போகுது, அந்த அட் குறி உண்மையில் என்ன செய்யுது எண்டு யாராவது கேட்டால், "அது பைத்தனின் மஜிக்" எண்டு ஒரு பதில் வரும். கேள்வி அத்தோடு செத்துப்போகும்.

மஜிக் எண்டு அங்கே ஒண்டும் இல்லை என்பதுதான் எங்கள் வாதம். அங்கே இருப்பது ஒரேயொரு விதி. அதன் பெயர் டிஸ்க்ரிப்டர். அந்த விதியை விளங்கப்படுத்தாமல் புரொப்பர்ட்டியை மட்டும் மனப்பாடமாகக் கொடுப்பது, படிக்கிறவர்களிடமிருந்து பைத்தனின் பாதியை எடுத்து ஒளித்துவைப்பதற்குச் சமம். எங்கள் நாட்டில் உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்திலேயே பைத்தன் இருக்கிறது. கன பேருக்கு அதுதான் முதல் புரோகிராமிங் மொழி. அதனால்தான் இதைப் பற்றிக் கொஞ்சம் உரத்துக் கதைக்க வேணும் எண்டு நினைக்கிறோம்.

கெட்டர் செட்டர் என்ற பழக்கதோஷம்

ஒரு சங்கக்கடைக்கு இருப்புக் கணக்கு எழுதுகிறோம் எண்டு வைப்பம். பொருள் எண்டு ஒரு கிளாஸ். அரிசி, பருப்பு, மா எல்லாம் அதன் ஒப்ஜெக்டுகள். ஒவ்வொன்றுக்கும் விலை, இருப்பு, நிறை என்று மூன்று அட்ரிபியூட்.

அரிசி.விலை = 220

இப்படித் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைத்தன் 3 ஏற்றுக்கொள்ளும். 2008 இல் வந்த 3.0 இலிருந்தே அந்த வசதி இருக்கிறது.

ஜாவா படித்துவிட்டு வருபவர்கள் இந்த இடத்தில் பதறுவார்கள். "அட்ரிபியூட்டை அப்படியே வெளியில் விடக்கூடாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர் எழுத வேணும்" என்பது அவர்களுக்குப் பழகின பாடம். ஜாவாவில் அதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. இன்றைக்கு விலையை நேரடியாக வெளியில் விட்டு, அதை ஐம்பது இடத்தில் பயன்படுத்திய பிறகு, நாளைக்கு "விலை மறை எண்ணாக இருக்கக்கூடாது" எண்டு ஒரு விதி வந்தால், அந்த ஐம்பது இடத்தையும் மெதட் கூப்பிடுவதாக மாற்ற வேண்டும். அந்தப் பயத்தில்தான் முன்கூட்டியே எல்லாவற்றுக்கும் கெட்டர், செட்டர் எழுதி வைக்கிறார்கள். 1990களின் பிற்பகுதியில் ஜாவா பீன்ஸ் என்ற வழமை இதை ஏறக்குறையச் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

பைத்தனில் அந்தப் பயத்துக்கே இடமில்லை. முதலில் சாதாரண அட்ரிபியூட்டாக எழுதலாம். விதி வருகிற நாளில் மட்டும் விலையை புரொப்பர்ட்டியாக மாற்றலாம். வெளியில் இருக்கும் ஐம்பது இடத்திலும் அரிசி.விலை என்பது அரிசி.விலையாகவே இருக்கும், ஒரு எழுத்துக்கூட மாறாது. பெற்றண்ட் மேயர் 1988 இல் வெளியிட்ட தன் நூலில் இந்த எண்ணத்துக்கு ஒரு பெயரே கொடுத்தார்: சீரான அணுகல் கொள்கை. ஒரு பெறுமதி சேமித்து வைக்கப்பட்டிருக்கிறதா, கேட்கும்போது கணக்கிடப்படுகிறதா என்பது கேட்பவருக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. கேட்கும் முறை ஒன்றாகவே இருக்க வேண்டும்.

ஆகவே எங்கள் முதல் கருத்து இதுதான்: பைத்தனில் உள்ளே ஒரு விதியும் இல்லாமல் சும்மா எடுத்துக்கொடுக்கிற கெட்டரும் சும்மா வாங்கிவைக்கிற செட்டரும் எழுதாதீர்கள். அதை புரொப்பர்ட்டி என்று அழகாக மாற்றி எழுதினாலும் அதே வீண்வேலைதான். பூட்டே இல்லாத வீட்டுக்குக் காவலாளி போடுற மாதிரி.

விதி வந்தால் புரொப்பர்ட்டி

இரண்டு சந்தர்ப்பங்களில் புரொப்பர்ட்டி உண்மையாகவே தேவைப்படும்.

முதலாவது, கணக்கிட்டுச் சொல்ல வேண்டிய பெறுமதி. கடையில் உள்ள அரிசியின் மொத்தப்பெறுமதி என்பது விலையை இருப்பால் பெருக்கி வருவது. இதை ஒப்ஜெக்டை உருவாக்கும்போதே ஒருக்கா கணக்கிட்டு வைத்துவிட்டால், விலை மாறின அடுத்த நிமிடம் அது பழைய கணக்கு. கேட்கும்போது கணக்கிட்டால் எப்போதும் சரியாக வரும்.

இரண்டாவது, காவல். யாராவது

அரிசி.விலை = -50

எண்டு எழுதினால், அந்தக் கணமே பிழை எண்டு சொல்ல வேணும். செட்டருக்குள் ஒரு நிபந்தனை போட்டு வேல்யூஎரர் எழுப்பினால் போதும். பிழையான விலை உள்ளே போய், மூன்று மாதம் கழித்து வருடாந்தக் கணக்கில் வெளிப்படுவதைவிட, போட்ட இடத்திலேயே புரோகிராம் நின்றுபோவது எவ்வளவோ மேல்.

இங்கே புதிதாகப் படிக்கிறவர்கள் அடிக்கடி விழுகிற ஒரு குழி இருக்கிறது. விலை என்ற செட்டருக்குள்ளேயே மீண்டும் செல்ஃப்.விலை என்று போட்டு வைப்பது. அந்த வரி மீண்டும் அதே செட்டரைக் கூப்பிடும், அது மீண்டும் தன்னையே கூப்பிடும். பைத்தன் வழக்கமாக வைத்திருக்கும் 1000 என்ற எல்லையைத் தொட்டவுடன் ரிகர்ஷன்எரர் வந்து நிற்கும். "உள்ளே அடிக்கோடு போட்டுப் பெயர் வையுங்கோ" எண்டு வகுப்பில் சொல்லுவினம். ஏன் எண்டு சொல்லமாட்டினம். காரணத்தை விளங்கிக்கொண்டால் அந்த அடிக்கோட்டைப் பாடமாக்கவே தேவையில்லை: செல்ஃப்.விலை என்ற புள்ளி, நேராகச் சேமிப்பிடத்துக்குப் போகவில்லை. அது முதலில் கிளாஸைக் கேட்கிறது.

புள்ளி கேட்கிற கேள்விகள்

இதுதான் முழுக் கதையின் நடு இடம். அரிசி.விலை என்று எழுதும்போது அந்தப் புள்ளி வரிசையாகச் சில கேள்விகள் கேட்கிறது.

முதலில் அது அரிசியிடம் போவதில்லை. அரிசியின் கிளாஸிடமும், அந்தக் கிளாஸின் பெற்றோர்களிடமும் போய், "உங்களிடம் விலை என்ற பெயரில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்கிறது. அங்கே ஒன்று இருந்து, அதற்கு டண்டர் கெட் என்ற மெதடும், கூடவே டண்டர் செட் அல்லது டண்டர் டிலீட்டும் இருந்தால், அது சொல்வதே முடிந்த முடிவு. இப்படிப்பட்டதை டேட்டா டிஸ்க்ரிப்டர் என்பார்கள். டண்டர் என்பது பெயரின் இரண்டு பக்கமும் இரட்டை அடிக்கோடு என்பதன் செல்லப்பெயர், வேறொன்றும் இல்லை.

அப்படி ஒன்றும் இல்லாவிட்டால்தான் இரண்டாவதாக அரிசியின் சொந்த டிக்ஷனரியைப் பார்க்கும். சாதாரண அட்ரிபியூட்டுகள் எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

அங்கேயும் இல்லாவிட்டால், மூன்றாவதாக, கிளாஸில் முதலில் கண்ட பொருளுக்குத் திரும்பி வரும். அதற்கு டண்டர் கெட் மட்டும் இருந்தால் அதைக் கூப்பிடும். அதுவும் இல்லாத சாதாரணப் பெறுமதி எண்டால் அப்படியே எடுத்துக்கொடுக்கும்.

ஒன்றுமே அகப்படாவிட்டால், கிளாஸில் டண்டர் கெட்அட்ர் எழுதியிருந்தால் அதைக் கேட்கும். இல்லையெண்டால் அட்ரிபியூட்எரர்.

இவ்வளவுதான். இதைப் படிக்க அரை மணித்தியாலம் போதும். ஆனால் இது விளங்கின பிறகு, தனித்தனிப் பாடமாகப் படித்த நாலைந்து விசயம் ஒன்றாகி விடுகிறது.

புரொப்பர்ட்டி என்பது ஒரு டேட்டா டிஸ்க்ரிப்டர். அதனால்தான் அடைப்புக்குறி தேவையில்லை: கூப்பிடும் வேலையைப் புள்ளியே செய்துவிடுகிறது. செட்டர் எழுதாத புரொப்பர்ட்டிக்குக்கூட உள்ளே டண்டர் செட் இருக்கிறது. அது மறுப்பதற்காகவே இருக்கிறது. அதனால்தான் அரிசி.மொத்தப்பெறுமதி = 10 எண்டு போட்டால் அட்ரிபியூட்எரர் வருகிறது.

அடுத்தது செல்ஃப். அரிசி.விற்பனை(5) எண்டு கூப்பிடும்போது நாங்கள் ஒரு பெறுமதிதான் கொடுக்கிறோம், மெதடுக்கு இரண்டு எப்படிப் போகுது? கிளாஸுக்குள் எழுதிய ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் டண்டர் கெட் இருக்கிறது. புள்ளி அதைக் கண்டவுடன் கூப்பிட, அது அரிசியைத் தன்னோடு கட்டிக்கொண்டு ஒரு மெதடாக வெளியே வருகிறது. செல்ஃப் வருகிற வழி அதுதான். கிளாஸ்மெதட், ஸ்டாட்டிக்மெதட் என்பவையும் இதே கதவின் வேறு சாவிகள். ஒன்று ஒப்ஜெக்டுக்குப் பதிலாகக் கிளாஸைக் கட்டும், மற்றது ஒன்றையும் கட்டாமல் விடும்.

ஃபங்டூல்ஸில் உள்ள கேஷ்ட் புரொப்பர்ட்டி இன்னும் அழகு. 2019 இல் வந்த 3.8 இல் இது சேர்ந்தது. பாரமான ஒரு கணக்கை ஒருக்கா மட்டும் செய்து, விடையை வைத்திருக்கும். எப்படி? அதற்கு டண்டர் செட் இல்லை. முதல் தடவை கேட்கும்போது மூன்றாவது கேள்வியில் அகப்பட்டுக் கணக்கைச் செய்து, விடையை அதே பெயரில் ஒப்ஜெக்டின் டிக்ஷனரியில் போட்டுவிடும். அடுத்த தடவை இரண்டாவது கேள்வியிலேயே விடை கிடைத்துவிடுவதால், அதை யாரும் மீண்டும் கூப்பிடுவதில்லை. தன்னைத் தானே வழியிலிருந்து விலக்கிக்கொள்கிறது. எங்கள் சங்கக்கடையின் மொத்தப்பெறுமதிக்கு இதை ஏன் போடக்கூடாது என்பதும் இப்போது தெரிந்திருக்கும்: விலை மாறினாலும் பழைய விடையே வந்துகொண்டிருக்கும்.

மூன்று தடவை எழுதுவதற்குப் பதில்

சரி, டிஸ்க்ரிப்டரை நாங்களே எப்போது எழுதுவது? சங்கக்கடைக்கே திரும்புவம். விலை மறையாக இருக்கக்கூடாது. இருப்பும் அப்படித்தான், நிறையும் அப்படித்தான். மூன்றுக்கும் தனித்தனி புரொப்பர்ட்டி எழுதினால், ஒரே நிபந்தனை மூன்று தடவை. நாளைக்கு "எண் அல்லாததையும் ஏற்கக்கூடாது" எண்டு விதியை மாற்ற வந்தால், ஒரு இடத்தை மறந்துவிடுவோம்.

அதற்குப் பதிலாக, டண்டர் கெட்டும் டண்டர் செட்டும் உள்ள ஒரு சிறிய கிளாஸை ஒருக்கா எழுதலாம். பிறகு பொருள் கிளாஸுக்குள்:

விலை = மறையற்ற_எண்()
இருப்பு = மறையற்ற_எண்()
நிறை = மறையற்ற_எண்()

விதி ஒரு இடத்தில், பயன்பாடு மூன்று இடத்தில். வாசிப்பவருக்கும் என்ன கட்டுப்பாடு எண்டு பார்த்தவுடனே விளங்கும். பொருள் கிளாஸ் உருவாகும்போது "உனக்கு விலை எண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்" என்று பைத்தனே அந்த டிஸ்க்ரிப்டருக்குச் சொல்லிவிடும். டண்டர் செட் நேம் என்ற அந்த வசதி 2016 இன் கடைசியில், 3.6 உடன் வந்தது. அதற்கு முன்னர் வழக்கமாக விலை என்ற பெயரை அடைப்புக்குறிக்குள்ளும் இன்னொரு தடவை எழுத வேண்டியிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய விசயம் ஒன்று உண்டு. டிஸ்க்ரிப்டர் ஒப்ஜெக்டில் இருப்பதில்லை, கிளாஸில் இருக்கிறது. எல்லாப் பொருளுக்கும் அந்த ஒன்றுதான். ஆகவே பெறுமதியை டிஸ்க்ரிப்டரின் செல்ஃபில் போட்டு வைத்தால், அரிசியின் விலையை மாற்றும்போது பருப்பின் விலையும் சேர்ந்து மாறும். பெறுமதி போக வேண்டிய இடம் அந்தந்த ஒப்ஜெக்டின் சொந்த டிக்ஷனரி. ஒப்ஜெக்டுக்குள்ளே ஒரு டிஸ்க்ரிப்டரைப் போட்டுவிட்டு, "ஏன் வேலை செய்யவில்லை?" எண்டு குழம்புவதும் இதே விசயத்தைத் தவறவிடுவதால்தான். முதல் கேள்வி எப்போதும் கிளாஸிடம்தானே போகிறது.

புள்ளி ஒரு வாக்குறுதி

இவ்வளவு வசதி இருக்கிறதென்பதற்காக எல்லாவற்றையும் புரொப்பர்ட்டியின் பின்னால் ஒளிப்பதையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. அரிசி.விலை எண்டு எழுதுகிறவர் ஒரு விசயத்தை நம்புகிறார்: இது உடனே வரும், இதனால் வேறெதுவும் மாறாது. அடைப்புக்குறி போட்டுக் கூப்பிடும்போது "இங்கே ஏதோ வேலை நடக்குது" எண்டு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது. புள்ளியில் அது இல்லை. இணையத்துக்குப் போய்த் தகவல் எடுத்து வருவதையும், கோப்பில் எழுதுவதையும் புரொப்பர்ட்டிக்குள் வைத்தால் அந்த நம்பிக்கையை உடைக்கிறோம்.

ஜாங்கோ படித்தவர்களுக்கு இதன் விலை தெரியும். நூல்.ஆசிரியர் எண்டு ஒரு ஃபொரின் கீயைத் தொட்டால், பின்னால் ஒரு டிஸ்க்ரிப்டர் தரவுத்தளத்துக்கு ஓடுகிறது. 100 நூல்களை எடுத்து, ஒவ்வொன்றின் ஆசிரியரையும் ஒரு லூப்பில் அச்சிட்டால், நூல்களுக்கு ஒன்று, ஆசிரியர்களுக்கு 100 என 101 வினவல்கள். கோடைப் பார்த்தால் ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும். செலக்ட் ரிலேட்டட் போட்டால் அது ஒரே வினவலாகும் என்பதைப் பலர் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் புள்ளியின் பின்னால் ஒரு டிஸ்க்ரிப்டர் நிற்கிறதென்று தெரிந்தவர்தான், பக்கம் மெதுவாக வரும்போது எங்கே தேட வேண்டும் என்று கேட்காமலே அறிவார்.

"வேலைக்குப் போறவனுக்கு உது எதுக்கு?"

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். ஜாங்கோவும் எஸ்கியூஎல்ஆல்கெமியும் எல்லாவற்றையும் செய்துதருகின்றன, டிஸ்க்ரிப்டரை நாங்கள் ஏன் எழுத வேணும்? நியாயமான கேள்வி. உண்மையில் பெரும்பாலானோர் தங்கள் வேலையில் சொந்தமாக டிஸ்க்ரிப்டர் எழுதுவது குறைவாகத்தான் இருக்கும். குறைவாக எழுதுவதே நல்லதும் கூட. புரொப்பர்ட்டி போதுமான இடத்தில் டிஸ்க்ரிப்டர் எழுதுவது, பக்கத்தில் இருந்து வேலை செய்கிறவருக்குச் செய்கிற கொடுமை.

ஆனால் எழுதுவது வேறு, வாசிக்கத் தெரிவது வேறு. தினமும் நாங்கள் பயன்படுத்துகிற ஃப்ரேம்வேர்க்குகள் முழுக்க டிஸ்க்ரிப்டர்களால் ஆனவை. எஸ்கியூஎல்ஆல்கெமியில் ஒரு ஒப்ஜெக்டின் பெயரைக் கேட்டால் பெறுமதி வரும், கிளாஸின் பெயரைக் கேட்டால் வினவலில் பயன்படுத்தும் ஒரு கூற்று வரும். ஒரே புள்ளி, இரண்டு விடை. டண்டர் கெட்டுக்கு ஒப்ஜெக்ட் இல்லாமல் நன் என்று வந்தால், கேட்டது கிளாஸ் எண்டு அதற்குத் தெரியும். இதை அறியாதவருக்கு அந்த ஃப்ரேம்வேர்க் கடைசிவரை மந்திரம்தான். மந்திரம் வேலை செய்யும்வரை பிரச்சினை இல்லை. அது பிழைக்கும் நாளில், மந்திரத்தை மட்டும் தெரிந்தவரிடம் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. இன்னொருவரின் விடையைத் தேடி ஒட்டிப் பார்ப்பார், அதுவும் சரிவராவிட்டால் இன்னொன்றை ஒட்டுவார்.

தமிழில் படிக்கிறவர்களுக்கு இது இரட்டிப்புப் பாரம். தமிழில் கிடைக்கிற புரோகிராமிங் பாடங்கள் பெரும்பாலும் "என்ன எழுதுவது" என்ற இடத்திலேயே நின்றுவிடுகின்றன. "ஏன்" என்ற பகுதிக்கு ஆங்கிலத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மேலே நாங்கள் எழுதின நாலு கேள்விகளைப் பாருங்கள். அதில் தமிழில் சொல்ல ஏலாதது எது? கஷ்டமான விசயம் தமிழில் விளங்காது எண்டு நினைத்து, தமிழ்ப் பிள்ளைகளுக்கு லேசான பகுதியை மட்டும் கொடுப்பது அக்கறை இல்லை. அது அவர்களின் எல்லையை அவர்களுக்காக நாங்கள் முடிவு செய்வது.

டிஸ்க்ரிப்டரும் புரொப்பர்ட்டியும் பைத்தனுக்குள் ஒன்றாகவே வந்தன, 2001 டிசம்பரில் வெளியான 2.2 உடன். அப்போது அட் குறியே இல்லை. அது 2004 இல் 2.4 உடன் வந்தது, செட்டருக்கு இன்று நாங்கள் எழுதும் வடிவம் 2008 இல் 2.6 உடன் வந்தது. விதி முதலில், அலங்காரம் பிறகு. படிப்பிக்கும்போது மட்டும் ஏன் அலங்காரத்தில் தொடங்கி அங்கேயே முடிக்கிறோம்?

ஆகவே, படிப்பிக்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது ஒரு மணித்தியாலம். புரொப்பர்ட்டி என்ற பாடத்தின் கடைசியில், அதே புரொப்பர்ட்டியைப் பைத்தனிலேயே சொந்தமாக எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு கிளாஸ், அதற்குள் ஒரு டண்டர் கெட், ஒரு டண்டர் செட். இருபது வரியில் முடியும். ரேமண்ட் ஹெட்டிங்கர் எழுதிய, பைத்தனின் அதிகாரபூர்வ ஆவணங்களோடு இருக்கும் டிஸ்க்ரிப்டர் வழிகாட்டியிலும் அப்படி ஒன்று இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

படிக்கிறவர்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. வகுப்பில் யாராவது "அது மஜிக்" எண்டு சொன்னால், கையை உயர்த்தி, "சேர், அந்தப் புள்ளி முதலில் ஆரிட்டப் போகுது?" எண்டு கேளுங்கோ.